தலமும் பதிகமும்: காரைக்கால் தலவரிசையை முன்வைத்து இணைப்புப் புலங்களின் பழுதறிதல்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வேர்ட்பிரஸில் கட்டிய ஒரு தளம். கோயில் பக்கம் திறக்கிறது; படம் வருகிறது, தலைப்பு வருகிறது, முகவரி வருகிறது. ‘இத்தலத்துப் பதிகங்கள்’ என்ற துணைத்தலைப்பின்கீழ் மட்டும் ஒன்றுமில்லை. சில நேரம் ஒன்றுமில்லாததைவிட மோசமாக, ‘அர்ரே’ என்ற ஒற்றைச் சொல்லோ 412 என்ற எண்ணோ நிற்கிறது. தளம் கட்டுபவர் உடனே தீமின் கோப்புகளைத் திறந்து வரி வரியாகத் தேடத் தொடங்குகிறார். இரண்டு நாள் போகிறது.

இந்த வகைப் பழுதின் வேர் பெரும்பாலும் தீமில் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். எதற்கும் எதற்கும் இடையே உறவு, அது எவ்வகை உறவு, ஒன்றுக்கு ஒன்றா பலவற்றுக்குப் பலவா என்று தீர்மானிக்காமல் புலம் அமைத்ததில்தான் அது இருக்கிறது. இதைச் சோதிக்கக் காரைக்கால் பகுதியின் தலவரிசையை எடுத்துக்கொள்கிறேன். அளவில் சிறியது, சிக்கலில் சிறியதல்ல.

காவிரித் தென்கரைத் தலவரிசையில் 49 முதல் 53 வரையுள்ள வேட்டக்குடி, தெளிச்சேரி, தருமபுரம், நள்ளாறு, கோட்டாறு என்னும் ஐந்து பாடல்பெற்ற தலங்களும் இன்றைய காரைக்கால் மாவட்டத்துக்குள் வருகின்றன. இவற்றோடு பதிகம் பெறாத ஒரு கோயிலையும் வேண்டுமென்றே சேர்க்கிறேன்: தலத்தெரு சிவலோகநாதர் கோயில். அதை ஏன் சேர்த்தேன் என்பது ஐந்தாம் பகுதியில் விளங்கும். ஆக, தலம், பதிகம், அருளாளர் என்று மூன்று தனிப் பதிவு வகைகள். இவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் புலங்கள்தாம் ஆய்வுப் பொருள். 2010 ஜூனில் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து இத்தகைய தனிப் பதிவு வகைகள் வேர்ட்பிரஸில் பரவலாயின. புலங்களுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது 2011இல் வந்த அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற பிளகின்; ஏசிஎஃப் என்பார்கள். 2024 அக்டோபரில் அதிலிருந்து செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற கிளை பிரிந்தது. இங்கே சொல்வன இரண்டுக்கும் பொருந்தும்.

2. உறவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது

தேவாரத்தைத் தொகுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. பண்முறை என்று ஒரு அடைவு, தலமுறை என்று இன்னொரு அடைவு. அதே பதிகங்கள்தாம், ஒன்றில் பண்ணை வைத்துத் தேடலாம், மற்றதில் ஊரை வைத்துத் தேடலாம். அச்சுப் புத்தகத்தில் இரண்டையும் ஒருசேர வைக்க வழியில்லை என்பதால் ஒரு அடைவில் நூலை அமைத்து, மற்றதற்குப் பின்னிணைப்பில் அகராதி போட்டார்கள். எந்த அடைவு முதன்மை என்று பதிப்பாசிரியர் தீர்மானித்தே ஆக வேண்டும்.

தளம் கட்டுபவரும் இதே தீர்மானத்தை எடுக்கிறார், எடுக்கிறோம் என்று தெரியாமலே. வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் புலங்களின் மதிப்புகள் போஸ்ட்மெட்டா என்ற அட்டவணையில் கிடக்கின்றன. அதில் நான்கே பத்திகள்: வரிசை எண், பதிவின் எண், புலத்தின் பெயர், மதிப்பு. பதிகப் பதிவில் ‘தலம்’ என்று ஒரு புலம் வைத்து நள்ளாற்றைத் தேர்ந்தால், பதிகத்தின் பெயரில்தான் ஒரு வரி எழுதப்படுகிறது. நள்ளாற்றின் பெயரில் எதுவும் இல்லை. பங்காளிகள் இருவருக்கும் பாத்தியப்பட்ட நிலத்தின் பத்திரம் ஒருவர் வீட்டுப் பெட்டியில் மட்டும் இருப்பது மாதிரி. நள்ளாற்றுப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘என் பதிகங்கள் எவை’ என்று கேட்டால், எல்லாப் பதிகங்களின் பெட்டியையும் திறந்து பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். வெற்றிடம் தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பத்திரம் எந்த வீட்டில்? தலப் பக்கத்தில் தலத்தின் புலத்தையே படிக்கும் வரி இருந்து, உறவு பதிகத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், அந்த வரியை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. ஏசிஎஃப் 6.2 பதிப்பில் இருவழிப் புலம் வந்த பிறகு இரு பக்கமும் ஒருசேர எழுத முடிகிறது. ஆனால் அந்த வசதியை முடுக்குவதற்கு முன் சேமித்த பதிவுகள் பழைய ஒருவழியிலேயே நிற்கும், மறுபடி சேமிக்கும்வரை.

எண்ணிக்கை அடுத்த கேள்வி. ஒரு பதிகத்துக்கு ஒரு தலம் என்று நினைப்பது இயல்பு. முதல் திருமுறையின் 7ஆம் பதிகம் அந்த நினைப்பை உடைக்கிறது. ஞானசம்பந்தர் நள்ளாற்றையும் மதுரை ஆலவாயையும் சேர்த்துப் பாடியது அது. ஒற்றைத் தலத்தை மட்டும் ஏற்கும் புலத்தில் இதை எங்கே வைப்பது? தரவு உள்ளிடுபவர் ஏதோ ஒன்றைத் தேர்வார். மதுரைக்குப் போட்டால் நள்ளாற்றில் ஒன்று குறையும். நள்ளாற்றுக்குச் சம்பந்தர் பாடியவை நான்கு, நாவுக்கரசர் இரண்டு, சுந்தரர் ஒன்று என ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறு வரும். யாரும் எண்ணிப் பார்க்காதவரை பழுது என்றே தெரியாது.

மூன்றாவது, உறவின் வகை. காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் காரைக்கால். அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் திருவாலங்காட்டுக்கு உரியவை. அருளாளர் பதிவில் ‘ஊர்’ என்ற ஒரே புலம் வைத்தால், ஒருவர் பிறப்பிடத்தைப் போடுவார், இன்னொருவர் பாடிய தலத்தைப் போடுவார். பிறகு காரைக்கால் பக்கத்தில் ஆலங்காட்டுப் பதிகம் வந்து உட்காரும். இதை எந்தப் பிழைச் செய்தியும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் கணினியின் கண்ணில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. இத்தகைய இடங்களில் உறவுக்கே தனி அட்டவணை வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. போஸ்ட்ஸ் 2 போஸ்ட்ஸ் என்ற பழைய பிளகின் அப்படித்தான் செய்தது; உறவின்மேலேயே ‘பிறந்த ஊர்’, ‘பாடிய தலம்’ என்று குறிப்பு எழுத அது இடம் கொடுத்தது. அந்த யோசனை பிளகினைவிட நீண்ட நாள் வாழத் தகுந்தது.

3. பழுதறியும் வரிசை

3.1 சேமிக்கப்பட்டதா

தீமைத் தொடுவதற்கு முன் தரவுத்தளத்தைப் பாருங்கள். பிஎச்பிமைஅட்மின் வழியே போஸ்ட்மெட்டா அட்டவணையைத் திறந்து, பழுதுள்ள பதிவின் எண்ணைப் போட்டுத் தேடினால் அரை நிமிடத்தில் பாதி ஐயம் தீரும். ஏசிஎஃப் புலம் ஒன்றுக்கு இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஒன்றில் மதிப்பு. இன்னொன்றில், அதே பெயருக்கு முன் அடிக்கோடு சேர்த்து, அந்தப் புலத்தின் உள்ளடையாளச் சாவி. எக்செலிலிருந்து நிரல் வழியாக மொத்தமாக ஏற்றிய பதிவுகளில் முதல் வரி இருக்கும், இரண்டாவது இருக்காது. அப்போது பிளகினுக்கு இது இணைப்புப் புலம் என்றே தெரியாது. மதிப்பை அப்படியே, வெறும் எண்ணாகக் கொடுத்துவிடும். பக்கத்தில் 412 என்று தெரிவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

அடுத்தது நுணுக்கமானது, இதில் சற்று நின்று பார்ப்பது தகும். நள்ளாற்றின் பதிவு எண் 412 என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் தலப் புலத்தில் மதிப்பு வெறும் எண்ணாக, 412 என்றே சேமிக்கப்படுகிறது. பல தலங்களை ஏற்கும் புலத்தில் பிஎச்பியின் தொடர்வரிசை வடிவில், எண்கள் ஒவ்வொன்றும் இரட்டை மேற்கோளுக்குள் எழுத்துச்சரமாகச் சேமிக்கப்படுகின்றன. தலப் பக்கத்திலிருந்து பதிகங்களைத் தேடும்போது, 412ஐ மேற்கோளோடு சேர்த்து அந்தச் சரத்துக்குள் தேடுவதுதான் வழக்கமான உத்தி. மேற்கோள் இல்லாமல் தேடினால் 1412ம் 4120ம் அகப்பட்டுக்கொள்ளும்.

இப்போது 7ஆம் பதிகத்துக்காகப் புலத்தை ‘பல’ என்று மாற்றுகிறோம். நிர்வாகப் பக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். பழைய பதிவைத் திறந்தால் அதன் தலம் அங்கே நிற்கும். ஆனால் மாற்றத்துக்கு முன் சேமித்தவை இன்னும் வெறும் எண்தான். மேற்கோளோடு தேடும் வினவல் அவற்றைத் தவறவிடும். திருத்தம் செய்த நாளுக்குப் பிந்திய பதிகங்கள் மட்டும் தலப் பக்கத்தில் வரும், முந்தியவை வராது. நிரல் வழியே எண்களை எண்களாகவே ஏற்றியிருந்தாலும் இதே கதி, ஏனென்றால் எண் வகையில் சேமித்தால் மேற்கோள் இருக்காது. தீர்வு ஒன்றே: எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும்படி மறுசேமிப்பு. பதிவு பத்தோ இருபதோ என்றால் கையால் திறந்து சேமிக்கலாம். அதற்கு மேல் போனால் பிளகின் தரும் புதுப்பிப்புச் செயல்கூறை வைத்து ஒரு சிறு நிரல் எழுதுவது நல்லது. எதைச் செய்வதானாலும் முதலில் பேக்கப்.

நீக்கப்பட்ட பதிவுகளும் இந்த வகையில் சேரும். ஒரு தலப் பதிவை நிரந்தரமாக அழித்தால் அதன் சொந்தப் புலங்கள் போகும். அதைச் சுட்டிக்கொண்டிருந்த பதிகங்களின் புலத்தில் அதன் எண் அப்படியே கிடக்கும்.

3.2 படிக்கப்படுகிறதா

சேமிப்பு சரியென்றால் வாசிப்பு. புலம் திருப்பித் தருவது பதிவின் முழுப் பொருளா, எண்ணா என்பதைப் புல அமைப்பில் தேர்ந்திருப்போம். தீமின் வரி ஒன்றை எதிர்பார்க்க, அமைப்பு வேறொன்றைத் தந்தால், பட்டியலாயின் ‘அர்ரே’ என்று அச்சாகும். பொருளாயின் சரமாக மாற்ற முடியவில்லை என்று பக்கமே நின்றுவிடும். இது எளிதில் பிடிபடும் பழுது, எனவே நல்ல பழுது.

கெட்ட பழுது சுழற்சிக்குள் இருக்கிறது. நள்ளாற்றுப் பக்கத்தில் அதன் ஏழு பதிகங்களையும் சுழற்சியில் அச்சிடும்போது, ‘இப்போதைய பதிவு’ என்று வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் பொதுமாறி ஒவ்வொரு பதிகமாக மாறிக்கொண்டே போகும். சுழற்சி முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் ‘ரீசெட் போஸ்ட்டேட்டா’ அழைப்பை எழுத மறந்தால், பக்கத்தின் மீதிப் பகுதி முழுதும் தன்னை ஏழாம் பதிகத்தின் பக்கம் என்றே நம்பும். கீழே வர வேண்டிய கோயில் முகவரி வராது, ஏனென்றால் பதிக வகையில் முகவரிப் புலமே கிடையாது. பார்ப்பவர் முகவரிப் புலம் பழுது என்று நினைத்து அங்கே தோண்டுவார். பழுது தெரியும் இடத்துக்கு மேலே உள்ள சுழற்சியைப் பார்ப்பது இந்தத் துறையில் கைவர வேண்டிய பழக்கம்.

3.3 காட்டப்படுகிறதா

தீமின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது, சுருக்கமாகவே சொல்லலாம். தனி வகைக்குரிய வார்ப்புக் கோப்பின் பெயர் வகையின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இணைப்பைச் சொடுக்கினால் 404 வந்தால், அமைப்புகளில் நிலைத்தொடுப்புப் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் ‘சேமி’ அழுத்திப் பாருங்கள்; முகவரி விதிகள் புதுப்பிக்கப்படும். தலவகையின் முகவரிச் சொல்லும் சாதாரணப் பக்கம் ஒன்றின் முகவரிச் சொல்லும் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதை விழுங்கும். பிளாக் தீம்களில் வேர்ட்பிரஸ் 6.5 பதிப்பு முதல் புல மதிப்பை நேரே பிளாக்கில் கட்ட முடிகிறது. ஆனால் கட்டினால் வருவது மூல மதிப்பு, அதாவது எண். தலத்தின் பெயரை வரவழைக்க இடையில் ஒரு செயல்கூறு தேவை. கேஷ் துடைப்பது கடைசியில் அல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால்.

4. தமிழ்த் தரவுக்கே உரிய பழுதுகள்

ஆங்கில வழிகாட்டிகளில் இவை கிடைப்பதில்லை.

முதலாவது, வகையின் உள்பெயர். அது 20 எழுத்துக்குள், ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கோடு ஆகியவற்றால் மட்டும் அமைய வேண்டும். தமிழில் ‘தலம்’ என்று கொடுத்தால் வடிகட்டி அத்தனையையும் நீக்கிவிடும். மிஞ்சுவது வெற்றுச்சரம், வகை பதிவாகாது. திரையில் தெரியும் பெயர் தமிழில் இருக்கலாம், தடையில்லை.

இரண்டாவது, முகவரித் துணுக்கு. அதற்குத் தரவுத்தளத்தில் உள்ள இடம் 200 குறிகள். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட். அதைச் சதவீதக் குறியோடு எழுதும்போது ஒன்றுக்கு 9 இடம் போகிறது. ஆக 22 குறிகளுக்குமேல் இடமில்லை. உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறிகள் என்பதால், பதினோரு பன்னிரண்டு எழுத்தில் கதவு சாத்தப்பட்டுவிடும். ‘தர்ப்பாரண்யேசுவரர் திருக்கல்யாணம்’ என்று ஒரு விழாப் பதிவு. ‘தர்ப்பாரண்யேசுவரர்’ 18 குறிகள், 162 இடம். இடைவெளிக்கு 1. மிச்சம் 37இல் நான்கு குறிகள் அடங்கும்: ‘திரு’. அடுத்து ‘தர்ப்பாரண்யேசுவரர் திருத்தேர்’ என்று இன்னொன்றைச் சேர்த்தால் அதுவும் அதே ‘தர்ப்பாரண்யேசுவரர்-திரு’. ஒரே வகையில் ஒரே துணுக்கு இரண்டுக்கு இருக்கக் கூடாது. எனவே இரண்டாவதன் பின்னால் ‘2’ ஒட்டப்படும். அதை ஒட்டவும் இடம் வேண்டுமே. உகரக் குறி கழன்று, ‘திர-2’ என்று முடியும். துணுக்கை வைத்து இணைப்பு எழுதிய தளத்தில் தேரைச் சொடுக்கினால் திருக்கல்யாணம் வரும். துணுக்கை ரோமன் எழுத்திலோ குறுஞ்சொல்லிலோ கையால் எழுதுவது அழகுக்காக அல்ல.

மூன்றாவது, பெயரை வைத்துப் பிணைப்பது. எக்செலில் தலப்பெயர் இருக்கிறது, அதைத் தேடி எண்ணைக் கண்டுபிடித்துப் பிணைத்துவிடலாம் என்று தோன்றும். கோட்டாறு என்று தேடினால், தளத்தில் நாகர்கோவில் கோட்டாறும் இருந்தால், எது வரும்? தருமபுரம் என்றால் காரைக்கால் யாழ்முரிநாதர் கோயிலா, மயிலாடுதுறை ஆதீனமா? போதாததற்குப் பதிகப் பெயர் வேறு, இன்று ஊரார் சொல்லும் பெயர் வேறு. தெளிச்சேரி இன்று கோயில்பத்து. கோட்டாறு இன்று திருக்கொட்டாரம். தலைப்பை வைத்துப் பதிவைத் தேடும் செயல்கூறை வேர்ட்பிரஸே 6.2 பதிப்பில் விலக்கத் தக்கது என்று அறிவித்துவிட்டது. நியாயமான முடிவு.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பதும் உண்டு. ‘கோ’ என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாம் வகை கலந்திருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. பிஎச்பியின் ஒப்பீட்டில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘ஸ்ரீ’க்கும் இதே தொல்லை. ஏற்றுவதற்கு முன் எல்லாச் சரத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் ஓகாரத் தொல்லை இல்லாமல் போகும்; ‘ஸ்ரீ’யின் இரு வடிவங்களை என்எஃப்சி ஒன்றாக்காது, அவற்றைத் தனியே தேடி மாற்ற வேண்டும்.

நான்காவது, பைட் கணக்கு. தொடர்வரிசை வடிவில் ஒவ்வொரு சரத்துக்கும் முன் அதன் நீளம் பைட்டில் எழுதப்பட்டிருக்கும். யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006இல் மாறியது. பழைய தரவில் ‘பாண்டிச்சேரி’ என்றிருப்பதைத் தரவுத்தள நகலில் நேரடியாகத் தேடி ‘புதுச்சேரி’ என்று மாற்றுகிறார் ஒருவர். முன்னது 36 பைட், பின்னது 30. நீளக் குறிப்பு 36 என்றே நிற்க, சரம் 30ஆகச் சுருங்குகிறது. பிஎச்பி அதைப் பிரிக்க மறுக்கும். அந்தச் சொல் மட்டுமல்ல, புலம் முழுதும் வெறுமையாகும். எண்களை மட்டும் தாங்கும் புலங்களுக்கு இதனால் கேடில்லை. தலைப்பும் முகவரியும் சேர்ந்த லிங்க் வகைப் புலங்கள்தாம் அடிபடும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி-மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். நோட்பேடில் திறந்து மாற்றாதீர்கள்.

5. வரிசைப்படுத்தலும் காணாமற்போதலும்

முதல் திருமுறையில் இப்பகுதிக்குரிய பதிகங்கள் மூன்று: நள்ளாறு–ஆலவாய்ப் பதிகம் 7, நள்ளாற்றுப் பதிகம் 49, தருமபுரத்து யாழ்மூரிப் பதிகம் 136. வழக்கப்படி 1.7, 1.49, 1.136 என்று ஒரு புலத்தில் எழுதுகிறோம். வரிசைப்படுத்தினால் வருவது 1.136, 1.49, 1.7. முழுக்கத் தலைகீழ். புல மதிப்புகள் எல்லாம் எழுத்துச்சரங்கள்தாமே, எண்ணாக வரிசைப்படுத்தச் சொன்னால் சரியாகும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். சொல்லிப் பாருங்கள்: மறுபடி 1.136, 1.49, 1.7. தசம எண்ணாகப் பார்த்தால் 0.136 சிறியது, 0.7 பெரியது அல்லவா? நடுவிலிருக்கும் புள்ளி தசமப்புள்ளி அல்ல, இரண்டு தனி எண்களைப் பிரிக்கும் குறி. திருமுறை எண்ணை ஒரு புலத்திலும் பதிக எண்ணை இன்னொரு புலத்திலும் வைக்க வேண்டும். ஒரே புலம்தான் வேண்டுமென்றால் 1.007, 1.049, 1.136 என்று நிரப்பி எழுத வேண்டும்.

இனித் தலத்தெரு. தலப் பட்டியலைத் தலவரிசை எண்படி, 49 முதல் 53 வரை, அடுக்கச் சொல்கிறோம். ஐந்து தலங்கள் வரும். சிவலோகநாதர் கோயில் வராது. கடைசியில்கூட வராது, பட்டியலிலேயே இராது. அதன் பதிவு வெளியிடப்பட்டிருக்கிறது, தனிப்பக்கம் திறக்கிறது, எந்தப் பிழையும் இல்லை. ஒரு புலத்தைச் சொல்லி வரிசைப்படுத்தும்போது, வேர்ட்பிரஸ் அந்தப் புலத்தின் வரி உள்ள பதிவுகளை மட்டுமே எடுக்கிறது. வரி இல்லாதவை வரிசையிலிருந்தல்ல, விடையிலிருந்தே விலக்கப்படுகின்றன.

இதில் மேலும் ஒரு திருகல். தலத்தெருப் பதிவைக் கையால் திறந்து, எண் புலத்தை வெறுமையாகவே விட்டுச் சேமித்தால், ஏசிஎஃப் அங்கே ஒரு வெற்றுச்சரத்தை எழுதிவைக்கும். இப்போது வரி இருக்கிறது. கோயில் பட்டியலில் வந்துவிடும். அதுவும் எல்லாவற்றுக்கும் முதலில், ஏனென்றால் வெறுமை எண்ணாகும்போது சுழியம். எதையும் மாற்றாமல் சேமித்ததற்கே பட்டியல் மாறிவிட்டது என்று கட்டுபவர் குழம்புவார். நிர்வாகத் திரையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வெறுமைகள்: எழுதப்பட்ட வெறுமை, எழுதப்படாத வெறுமை. வினவலில் ‘புலம் இருப்பது’, ‘புலம் இல்லாதது’ என்று இரண்டு நிபந்தனைகளையும் ‘அல்லது’ கொண்டு சேர்த்து, இருப்பதன்மேல் வரிசைப்படுத்தினால் இரண்டு வகையும் அகப்படும். நான் விரும்புவது வேறு: ‘பாடல்பெற்றது’, ‘பெறாதது’ என்று தனிப்புலம் ஒன்று வைத்து, எல்லாப் பதிவிலும் அதைக் கட்டாயமாக்குவது. தலத்தெருவுக்குப் பதிகம் இல்லை என்பது ஒரு செய்தி. யாரோ நிரப்ப மறந்த கட்டம்போல அது தோன்றக் கூடாது.

6. இடமாற்றம்

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு எக்ஸ்எம்எல் வழியே ஏற்றும்போது, பழைய எண் புதிய தளத்தில் காலியாக இருந்தால் அதே எண் கிடைக்கும். இல்லையேல் புது எண். முகப்புப் படத்தின் எண்ணையும் தாய்ப்பதிவின் எண்ணையும் இறக்குமதிக் கருவி கவனித்து மாற்றிக்கொள்ளும். நாம் அமைத்த இணைப்புப் புலங்களுக்குள் இருக்கும் எண்களை அது தொடாது. அவை எண்கள் என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. 412 இப்போது நள்ளாறு அல்ல, ஏதோ ஒரு படக்கோப்பு. தரவுத்தளத்தையே முழுதாக நகலெடுத்துக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் இல்லை.

தீமை மாற்றும்போது வேறொன்று நடக்கும். பதிவு வகைகளைத் தீமின் செயல்கூறுக் கோப்பில் அறிவித்திருந்தால், தீம் போனதும் தலம், பதிகம், அருளாளர் மூன்றும் நிர்வாகப் பட்டியிலிருந்து மறைந்துவிடும். தரவு அழியவில்லை, அதைக் கூப்பிட ஆளில்லை. பழைய தீமை மறுபடி முடுக்கினால் எல்லாம் திரும்பும். வகை அறிவிப்பையும் புல அமைப்பையும் ஒரு சிறு தனிப் பிளகினில் வைத்துவிட்டால் தீம் எத்தனை மாறினாலும் கவலையில்லை.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு முன்னேற்பாடு. ஒவ்வொரு பதிவுக்கும் வேர்ட்பிரஸ் தரும் எண்ணைச் சாராத நிலையான அடையாளம் ஒன்றைத் தனிப்புலத்தில் வையுங்கள். பதிகத்துக்குத் திருமுறை எண்ணும் பதிக எண்ணும் அதற்குப் போதும், தளம் மாறினாலும் மாறாதவை. தலத்துக்குத் தென்கரை 52 என்பது போல. தலத்தெருவைப் போல எண் இல்லாதவற்றுக்கு ஊர்ப்பெயரையும் இறைவன் பெயரையும் கோத்து நாமே ஒரு குறி வகுக்க வேண்டியதுதான். இறக்குமதி முடிந்ததும் இந்த அடையாளத்தை வைத்துப் புதிய எண்களைத் தேடி இணைப்புகளை ஒரு நிரல் மறுபடி கட்டிவிடும். நள்ளாற்றில் ஏழும், கோட்டாற்றில் இரண்டும், மற்ற மூன்று தலங்களில் ஒவ்வொன்றும் வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்தபின் பழைய சர்வரை மூடலாம்.